மூடியைக் கேட்டது போதும், மடிப்பைக் கேளுங்கள்: எல் அனாட்சுயி பற்றிச் சில பதில்கள்

சாராயப் பாட்டில் மூடிகளைக் கம்பியால் கட்டிச் சுவரளவு சிற்பங்கள் செய்கிறவர் கானா நாட்டுச் சிற்பி எல் அனாட்சுயி. அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் எழுபதுக்கு மேல் கேள்விகள், அதில் பாதி ஒரே கேள்வி. முடிந்தவரை சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். பதினாறு வருடமாக ஐரோப்பாவில் அருங்காட்சியகங்களுக்குக் கலைப்பொருள் மாட்டிக் கொடுக்கும் வேலை. பெட்டி பிரிப்பது, தூக்குவது, சுவரில் ஏற்றுவது. அனாட்சுயியின் வேலைகளை மூன்று தடவை இந்தக் கையால் மாட்டியிருக்கிறேன். நான் விமர்சகன் இல்லை, அந்த மொழியை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

புதிதாக வந்தவர்: யார் சார் இவர்? எனக்கு ஒன்றுமே தெரியாது.

இப்படிக் கேட்பவர்தான் எனக்குப் பிடித்தவர். 1944இல் கானாவின் வோல்டா பகுதியில், கேட்டா காயலை ஒட்டிய அன்யாகோ என்ற ஊரில் பிறந்தார். அப்போது அந்த நாட்டுக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர், ஆண்டது பிரிட்டிஷார். அப்பாவுக்கு 32 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. அப்பா மீன் பிடிப்பார், கென்ட்டே என்ற அந்த ஊர்த் துணியும் நெய்வார். அண்ணன்மாரும் தறியில் உட்கார்ந்தவர்கள். இவர் மட்டும் உட்காரவில்லை. அம்மா சீக்கிரமே போய்விட, உறவினரான ஒரு போதகரின் வீட்டில் வளர்ந்தார்.

குமாசியில் உள்ள பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தார். பாடமெல்லாம் ஆங்கிலேயர் போட்டுக் கொடுத்த பாடம். நம் கலைக் கல்லூரிகளில் முதல் வருடம் பிளாஸ்டர் சிலையை வைத்து வரைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது புரியும். படித்து முடித்து வின்னேபாவில் ஆசிரியரானதும் அவர் முதலில் போனது சந்தைக்கு. பெண்கள் பொருளைப் பரப்பி வைத்து விற்கும் வட்டமான மரத்தட்டுகளை வாங்கி வந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதில் அடிங்க்ரா குறிகளைச் சுட்டார். அடிங்க்ரா என்றால் அக்கான் மக்கள் துணியில் அச்சுக் குத்தும் சின்னங்கள்.

1975இல் நைஜீரியா போனார். நுசுக்காவில் உள்ள பல்கலைக்கழகம். பியாஃப்ரா போர் என்ற நைஜீரிய உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது, போரின் தொடக்கத்திலேயே அடிபட்ட ஊர் அது. அங்கே அவர் கையில் எடுத்தது களிமண். உடைந்த பானைகள் என்ற பெயரில் ஒரு வரிசை, 1979இல் அந்தப் பெயரிலேயே ஒரு கண்காட்சி. 1980இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில மாதம் தங்கியபோது செயின்சாவைக் கண்டுகொண்டார். மரம் அறுக்கும் அந்த இயந்திரத்தால் பலகைகளைக் கீறினார். அந்தக் கீறல், ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்ட அவசரத்தின் அடையாளம். உளியால் அந்த அவசரம் வராது.

2011 வரை நுசுக்காவில் வாத்தியார். பிற்பாடு கானாவின் துறைமுக ஊரான தேமாவிலும் பட்டறை போட்டார். மூடி வருவதற்கு முன்னால் முப்பது வருட வேலை இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரர்: பீர் பாட்டில் மூடிதானே?

இல்லை. சோடா ஓப்பனரால் நெம்பித் திறக்கிற பல் வைத்த தகர மூடி வேறு. இது சாராயப் பாட்டிலின் திருகு மூடி. மெல்லிய அலுமினியம், கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும். ஒரே மூடியிலிருந்து மூன்று பொருள் கிடைக்கும்: மேலே வட்டத் தட்டு, கழுத்தைச் சுற்றிய பட்டை, திறக்கும்போது அறுந்து பாட்டிலோடு தங்கிவிடும் வளையம். தட்டைத் தட்டித் தட்டையாக்கலாம், பட்டையை மடிக்கலாம், முறுக்கலாம், வளையத்தை வளையமாகவே விடலாம். ஓரத்தில் ஓட்டை போட்டு மெல்லிய செம்புக் கம்பியால் பக்கத்து மூடியோடு கட்டுவார்கள். வண்ணம் பூசுவதில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாம் கம்பெனிக்காரன் அச்சடித்த நிறம். வெள்ளி வேண்டுமென்றால் உட்புறத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

'சரக்கு' என்ற பெயரில் ஒருவர்: அந்த ஊர் சரக்கின் பெயர்களைச் சொல்லுங்களேன்.

சிரிக்கக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நல்ல கேள்வி. மூடியின் மேல் பெயரை இன்னும் படிக்கலாம். 'எக்கோமாக்', இது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப் படையின் பெயர். 'பக்காசி', நைஜீரியாவும் கேமரூனும் சண்டை போட்டுக்கொண்ட தீபகற்பம். 'டார்க் செய்லர்'. சாராயத்துக்கு வைத்த பெயர்களிலேயே அந்தப் பக்கத்துச் சரித்திரம் கிடக்கிறது.

அதைவிடப் பழைய சரித்திரமும் உண்டு. ஐரோப்பிய வணிகர்கள் கப்பலில் மது கொண்டுவந்தார்கள். அதைக் கொடுத்து ஆட்களை வாங்கினார்கள். அந்த ஆட்கள் அட்லாண்டிக் தாண்டிக் கரும்புக் காட்டில் வேலை செய்தார்கள். கரும்பிலிருந்து ரம் காய்ச்சினார்கள். ரம் திரும்பக் கப்பலேறியது. மூடியை எடுத்ததற்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் இதுதான்.

கோவை மாணவி: அண்ணா, மறுசுழற்சிக் கலைக்கு இவரை உதாரணமாக எழுதலாமா? அசைன்மென்ட்டுக்கு.

எழுதாதீர்கள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. மறுசுழற்சி என்றால் பொருள் திரும்பப் பழைய உபயோகத்துக்கோ அதைப் போன்ற ஒன்றுக்கோ போக வேண்டும். இங்கே மூடி மூடியாகத் திரும்பவில்லை. அவரே இந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வதில்லை. நுசுக்கா பக்கம் ஒரு புதரோரம் ஒரு மூட்டை நிறைய மூடி கிடைத்தது, எடுத்து வந்தார், பல மாதம் பட்டறையில் சும்மா போட்டிருந்தார். 1990களின் கடைசி. என்ன செய்வது என்று தெரியாமல்தான் போட்டிருந்தார். குப்பையைக் காப்பாற்றும் நோக்கம் இருந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பார். அதே காலத்தில் பால் டப்பா மூடி, துருப்பிடித்த மரவள்ளிக் கிழங்குத் துருவி எல்லாம் கையில் எடுத்தவர் அவர். மனிதக் கைபட்ட பொருள் என்பதுதான் அவருக்குக் கணக்கு.

இன்னும் ஒன்பது பேர்: மறுசுழற்சி?

மேலே பார்க்கவும்.

தறிக்காரர் மகள், காஞ்சிபுரம்: படத்தில் பார்த்தால் துணி மாதிரியே இருக்கிறது. அவர் நெசவாளியா, சிற்பியா?

சிற்பி என்றுதான் அவர் சொல்லிக்கொள்கிறார். ஆனால் உங்கள் கண் பொய் சொல்லவில்லை. கென்ட்டேயை ஒரே அகலத்தில் நெய்வதில்லை. சாண் அகலம்கூட இல்லாத நீளப் பட்டைகளாக நெய்து, பிறகு அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பார்கள். அனாட்சுயியின் பட்டறையிலும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கட்டி, தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, பிறகு சேர்க்கிறார்கள். முதல் இரண்டு பெரிய வேலைகளுக்கு 'ஆணின் துணி', 'பெண்ணின் துணி' என்றே பெயர். கென்ட்டேயில் ஆண் உடுத்துவது ஒரே பெரிய துணி, பெண் உடுத்துவது சின்னத் துண்டுகள். இரண்டும் 2002இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. இத்தனைக்கும் ஊடு, பாவு எதுவும் இதில் கிடையாது. எல்லாம் முடிச்சு.

பெயர் சொல்லாதவர்: மாட்டும் வேலை எப்படி இருக்கும்?

கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தோன்றுவது, இவ்வளவுதானா என்பது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள 'துசாசா இரண்டு' சுமார் 6 மீட்டர் உயரம், 7 மீட்டருக்கு மேல் அகலம். அப்படிப்பட்ட பொருள் கல்யாண ஜமுக்காளம் மாதிரி மடங்கிப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். கல்லையோ வெண்கலத்தையோ மடித்து எடுத்துப் போக முடியுமா? கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் இவ்வளவு பெரிய சிற்பங்கள் உலகம் சுற்றுவதற்கு இந்த மடிப்பும் ஒரு காரணம்.

தரையில் பாலித்தீன் விரித்து, ஆளுக்கு ஓர் ஓரமாகப் பிடித்துப் பிரிப்போம். ஒரு சத்தம் வரும். சோழியைக் கூடையிலிருந்து கவிழ்ப்பது போல, ஆனால் அதைவிடக் காய்ந்த, லேசான சத்தம். முதல் தடவை நான் பருத்திக் கையுறை போட்டிருந்தேன். முட்டாள்தனம். ஒவ்வொரு கம்பி முனையும் நூலைக் கவ்விக்கொள்கிறது. ஒரு விரலை விடுவித்தால் இன்னொரு விரல் மாட்டுகிறது. ரப்பர் கையுறைதான் சரி. முழங்காலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது கிட்டத்தில் தெரியும்: ஓரிடத்தில் கம்பியை மூன்று சுற்று முறுக்கியிருப்பார்கள், அடுத்த முழத்தில் ஒன்றரைச் சுற்று. ஒருவர் மூடியின் ஓரத்தை உள்ளே மடித்து நகத்தால் நீவியிருப்பார், இன்னொருவர் அப்படியே விட்டிருப்பார். கை மாறின இடம் விரலுக்குத் தெரிகிறது.

அப்புறம் மேல் விளிம்பைத் தூக்கிச் சுவரில் பிடிப்போம். அது அப்படியே தொங்கினால் திரைச்சீலை. அதற்குப் பிறகுதான் வேலை. கீழிருந்து கையால் அள்ளி மேலே தள்ளி, ஓர் ஆணியில் உட்கார வைத்தால் அங்கே ஒரு குன்று எழும்பும். பக்கத்தில் தளரவிட்டால் ஓர் ஓடை. விளக்குக்காரர் ஓரமாக ஒளி போட்டதும், மேட்டில் தங்கநிறம், பள்ளத்தில் ரத்தநிறம். இதற்கு வரைபடம் கிடையாது. எப்படி மாட்ட வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுகிறார் அவர். ஒரே வேலை ஓர் ஊரில் கிடைமட்டமாகவும் அடுத்த ஊரில் செங்குத்தாகவும் நிற்கலாம். முடிந்துபோன உருவம் என்று ஒன்று அதற்கு இல்லை. ஐம்பது வருடம் ஆசிரியராகவும் சிற்பியாகவும் இருந்த மனிதர் கடைசி முடிவை ஆணி அடிக்கிறவனுக்குத் தருகிறார். எனக்கு இவரைப் பிடித்துப்போனது இதனால்தான், மூடியால் இல்லை.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள். இரண்டாவது தடவை மாட்டியபோது பொறுப்பாளர் முந்தைய கண்காட்சியின் புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வந்தார். "இதே மடிப்பு வர வேண்டும்" என்றார். இரண்டு நாள் ஏணியில் நின்று ஒரு புகைப்படத்தைக் காப்பியடித்தோம். இடது மூலையில் ஒரு சுருக்கம் படத்தில் இருந்த மாதிரி வரவில்லை என்று மறுபடி இறக்கி ஏற்றினோம். கலைஞர் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை, கலைஞருக்கு மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள்.

பலர், சேர்த்து: விலை எவ்வளவு?

2012இல் லண்டன் ஏலத்தில் 'புதிய உலக வரைபடம்' 5,41,250 பவுண்டுக்குப் போனது. இனி விலை கேட்டால் பதில் கிடையாது.

திருப்பூர்க்காரர்: முதலீடாக ஆப்பிரிக்கக் கலை வாங்கலாமா?

தரகரைக் கேளுங்கள்.

பள்ளி ஆசிரியை: எங்கள் பிள்ளைகளை வைத்து மூடியில் ஒரு திரை செய்யலாம் என்று இருக்கிறேன். ஆறாம் வகுப்பு.

வெட்டின அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி. வெட்டுவதும் தட்டுவதும் பெரியவர்கள் செய்யட்டும், கட்டுவது மட்டும் பிள்ளைகள், அதுவும் கையுறையோடு. இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் எல்.கே.ஜி. என்கிறார். அம்மா, வேண்டாம். காகித வட்டம் வெட்டிக் கொடுங்கள்.

செய்து முடித்தால் வெளியில் மாட்டிவிடாதீர்கள், குறிப்பாகக் கடலோர ஊர்க்காரர்கள். அலுமினியமும் செம்பும் ஒட்டி இருக்கும்போது உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். பேட்டரியின் கதைதான்.

சுவாமிமலைப் பட்டறைக்காரர்: ஒரு சந்தேகம். கட்டுவது அவர் இல்லை, ஆட்கள். பிறகு அது எப்படி அவர் வேலை?

இந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள் மட்டும் இருபத்தி மூன்று. பொறுக்கி எடுத்துப் போடுகிறேன்.

சுவாமிமலைக்காரரே தொடர்ந்து எழுதியது: "எங்கள் பட்டறையில் மெழுகு பிடிப்பவர் ஒருவர், வார்ப்பவர் ஒருவர், சீவுளி போடுபவர் ஒருவர். கண் திறப்பது மட்டும் பெரியவர். வெளியே போகும்போது பெயர் பெரியவருடையது. நாங்கள் அதைக் கலை என்கிறோம், அருங்காட்சியகம் கைவினை என்கிறது. அங்கே மட்டும் ஏன் கலை?"

தறிக்காரர் மகள்: "என் அப்பா நெய்த பட்டில் எங்கேயும் அப்பா பெயர் இல்லை. கடைக்காரர் பெயர் அட்டையில் இருக்கிறது. அங்கே மூடி கட்டுகிறவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?"

'கலகக்காரன்': "கூலி கொடுத்தாச்சு, முடிந்தது. வீடு கட்டின கொத்தனார் பெயரையா வாசலில் எழுதுகிறோம்?"

தறிக்காரர் மகள்: "எழுதினால் என்ன குறைந்துவிடும்?"

'கலகக்காரன்': "குறையாது. ஆனால் யார் வேலை என்ற கேள்வி வேறு, யாருக்கு நன்றி என்ற கேள்வி வேறு."

சரி, நான் சொல்கிறேன். நுசுக்காவில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் இளைஞர்கள், மாணவர்கள். ஒரு பெரிய வேலைக்குப் பல ஆயிரம் மூடி, மாதக்கணக்கில் உழைப்பு. எந்தத் துண்டு எங்கே, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எங்கே இறுக்கம், எங்கே வலை மாதிரி ஓட்டை என்பதெல்லாம் அவர் தீர்மானம். தரையில் பரப்பிப் படம் எடுத்து, கலைத்து, மறுபடி பரப்புவார்கள். அந்த அளவில் அது அவர் வேலை, சந்தேகமில்லை.

சுவாமிமலைக்காரர் கேட்டதன் இரண்டாம் பாதிதான் உறைக்கிறது. 2007இல் வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் 'துசாசா ஒன்று', 'துசாசா இரண்டு' இரண்டும் ஆர்சனாலே கூடத்தில் தொங்கின, பலாஸோ ஃபோர்ச்சூனி என்ற மாளிகையின் முகப்பையே இன்னொரு வேலை மூடி நின்றது. அதற்குப் பிறகு உலகம் இவரைக் கலைஞர் என்றது. அதே கானாவில் கென்ட்டே நெய்கிற இவருடைய அண்ணன்மாரை யாரும் அப்படி அழைக்கவில்லை. தட்டு, பானை, துணி என்று எது கை வேலையோ அதையே தூக்கி உள்ளே கொண்டுபோனது இவர் சாமர்த்தியம். ஆனால் கதவு இவருக்குத் திறந்ததே தவிர, தறிக்குத் திறக்கவில்லை.

பெயர் விஷயத்தில் நான் தறிக்காரர் மகள் பக்கம். மூன்று தடவையும் சுவரில் ஒட்டிய விவரப் பலகையை நானே நீர்மட்டம் வைத்து ஒட்டினேன். அலுமினியம், செம்புக் கம்பி என்று இருக்கும். கட்டினவர்கள் பெயர் ஒன்றிலும் இல்லை. என் பெயரும் இல்லை, அது வேறு விஷயம்.

சுவாமிமலைக்காரர் கடைசியாக: "மடிப்பு நீங்கள் போட்டது என்றால் அந்த வாரத்துக்கு அது உங்கள் வேலையும்தானே?" இதற்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லண்டன் தமிழர்: இங்கே டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் இவர் வேலையைப் பார்த்தேன். மூன்று துண்டாக இருந்தது, ஒன்றும் புரியவில்லை.

2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை இருந்த 'பிஹைண்ட் த ரெட் மூன்'. பழைய மின்நிலையத்தின் டர்பைன் கூடம், அதில் மூன்று அங்கம். நுழைந்ததும் காற்று வாங்கின பாய்மரம் போலப் பெரிய சிவப்புத் திரை, அதில் சிவந்த நிலா. நடுவில் மெல்லிய துண்டுகள் மனித உருவங்களாக ஆகாயத்தில் மிதந்தன. நீங்கள் நேராக நடந்து போயிருப்பீர்கள், அதனால்தான் புரியவில்லை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்று பார்த்தால் அந்தச் சிதறின ஆட்கள் சேர்ந்து ஒரு வட்டமாக, பூமியாக ஆவார்கள். ஒரு அடி நகர்ந்தால் போச்சு. கடைசியில் மேலிருந்து தரை வரை கறுப்புச் சுவர், அடியில் அலை மாதிரி குவிந்து கிடந்தது. பின்பக்கம் போனீர்களா? போகாதவர்கள் பாதிப்பேர். அங்கேதான் நிறமெல்லாம்.

பாய்மரம், மது, அடிமைக் கப்பல் சரி. டேட் என்ற பெயரே சர்க்கரை ஆலை நடத்திய ஹென்றி டேட்டின் பெயர். அவர் தொழில் தொடங்கியது பிரிட்டனில் அடிமை முறை ஒழிந்த பிறகுதான், ஆனால் சர்க்கரையின் பழைய கணக்கு அந்த மூடிகளில் இருக்கிறது.

வினாடி வினாக்காரர்: வெனிஸ் பினாலேயின் தங்கச் சிங்கம் வாழ்நாள் விருது வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் இவர்தானே?

இல்லை. 2007இல் மாலி நாட்டுப் புகைப்படக்காரர் மாலிக் சிதிபே. அனாட்சுயிக்கு 2015.

சொல் விரும்பி: அவர் வேலைகளின் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா?

நிறைய. ஒன்று மட்டும். 2010இல் செய்த 'க்லி'. இவருடைய தாய்மொழியான எவேயில் அந்தச் சொல்லுக்கு உச்சரிப்பைப் பொறுத்துச் சுவர், குலைப்பது, கதை என்று மூன்று பொருள். வேலையும் அப்படித்தான். முழுக்க வளையங்களால் ஆன வலை, கூடத்தின் நடுவே தொங்கும். சுவர் என்று பெயர், ஆனால் அந்தப் பக்கம் நடப்பவர் தெரிவார்.

ஒருவர்: கணினி வரைகிற படங்களைப் பற்றி உங்கள் கருத்து?

வேறு ஆளைப் பாருங்கள்.

கும்பகோணம் ஜூனியர்: அண்ணே, நீங்கள் போட்ட மடிப்பு பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னதுண்டா?

உண்டு. மூன்றாவது தடவை. பொறுப்பாளர் நல்ல மனுஷி, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். வலதுபக்கம் ஒரு பெரிய பள்ளம் வைத்தேன், எனக்கு ரொம்பத் திருப்தி. திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி கூட்டிப் பெருக்க வந்த அம்மா நின்று பார்த்துவிட்டு, "அந்த மூலையில் ஏதோ சரிந்து விழுந்துவிட்டது, ஆளைக் கூப்பிடவா?" என்றார். ஏணியைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டு ஆணியை ஒரு முழம் மேலே ஏற்றினேன். அவர் சொன்னது சரி, சரிந்துதான் இருந்தது.

நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு பெட்டி வருகிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் விலை கேட்டு இன்னும் ஆறு பேர். மேலே பார்க்கவும்.